இலக்கணப் பெயர்களின் வரலாறு

தச்சர் உளி என்றும் இழைப்புளி என்றும் தம் கருவிகளைப் பெயரிட்டு அழைப்பர். நெசவாளர் பாவு என்றும் ஊடை என்றும் பேசுவர். ஒரு தொழில் செம்மையுறும் அளவுக்கு அதன் சொற்களும் செம்மையுறுகின்றன. மொழியை ஆராய்வதும் ஒரு தொழிலே. அத்தொழிலில் ஆராயப்படுவதும் மொழி. ஆராயும் கருவியும் மொழி. ஆகவே ஒரு மொழி தன்னைப் பற்றித் தானே பேசத் தலைப்படும்பொழுது அதற்கெனத் தனிச் சொற்கள் வேண்டியிருக்கின்றன. எழுத்து, உயிர், மெய், பெயர், வினை, வேற்றுமை, எச்சம் என்று நாம் இளமையிற் பயின்றவை அத்தகைய சொற்களே. தமிழில் உள்ள கலைச்சொற்களுள் மிகத் தொன்மையானவை இவை. பல நூற்றாண்டுகளாக அறுபடாமல் வழங்கி வருபவையும் இவை.

தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பங்களில் இச்சொற்களுக்கு ஒரு சோதனை நேர்ந்திருக்கிறது. தில்லியில் வளரும் தமிழ்க் குழந்தை பள்ளியில் ஸ்வர், வ்யஞ்ஜன், ஸம்ஞா, கிரியா என்று கற்கிறது. ஆங்கில வகுப்பில் வேறு பெயர்களைக் கற்கிறது. வீட்டில் பேசும் தமிழுக்கோ அக்குழந்தையிடம் இலக்கணப் பெயரே இல்லை. பேச்சு இருக்கிறது, பேச்சைப் பற்றிப் பேசும் சொற்கள் இல்லை. பெயர் இல்லாத பொருள் நாளடைவில் கண்ணுக்குப் படாமலே போய்விடுவதுண்டு. இச்சொற்கள் எவ்வாறு தோன்றின, வேற்று மொழிகளின் உறவால் எவ்வாறு மாறின, அவற்றை இழந்தால் எதை இழப்போம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நம் முன் உள்ள இலக்கண நூல்களுள் மிகப் பழையது தொல்காப்பியம். அதன் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அந்நூலில் இலக்கணச் சொற்கள் தொடக்க நிலையில் இல்லை என்பது தெளிவு. அவை முன்னரே பழகிப் பண்பட்ட சொற்களாகவே காணப்படுகின்றன. ‘என்று கூறுவர்’, ‘என்பர் புலவர்’ என்ற முறையில் தொல்காப்பியர் அடிக்கடி தமக்கு முற்பட்டோரைச் சுட்டுகிறார். எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்கள். ஒவ்வோர் அதிகாரத்திலும் ஒன்பது இயல்கள். இந்த 27 இயல்களின் பெயர்களே ஒரு சிறிய கலைச்சொல் அகராதி எனலாம்.

அச்சொற்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பெரும்பாலானவை அன்றாட வாழ்வில் வழங்கிய சொற்களே. தானே இயங்கும் ஒலியை உயிர் என்றனர். உயிரோடு கூடியன்றி இயங்காத ஒலியை மெய், அதாவது உடம்பு, என்றனர். இரண்டும் கூடியது உயிர்மெய். இதனை விளக்கப் பெரிய உரை வேண்டுவதில்லை. வடமொழியார் இதே பாகுபாட்டை வேறு வகையாகப் பெயரிட்டனர். தானே ஒலிப்பது ஸ்வரம். உயிரின் துணையால் வெளிப்படுவது வ்யஞ்ஜனம். இரண்டு மரபினரும் ஒரே உண்மையைக் கண்டனர். ஆனால் ஒருவர் ஒலியின் செயலைப் பார்த்துப் பெயரிட்டனர். மற்றவர் மனிதனின் உயிரையும் உடம்பையும் பார்த்துப் பெயரிட்டனர். இரண்டையும் அறிந்த குழந்தைக்கு உண்மை இருமுறை விளங்கும்.

பிறப்பியலில் தொல்காப்பியர் எழுத்துக்கள் பிறக்கும் இடங்களைக் கூறுகிறார். உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறு வேறு எழுத்தாகப் பிறக்கிறது என்பது அவர் காட்டும் முறை. இக்கால ஒலியியலார் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்த பின்னும், தமிழில் எழுதுங்கால் இதழ், அண்ணம், மிடறு என்ற இச்சொற்களையே எடுத்தாளுகின்றனர். ஒலியின் கால அளவைக் குறிக்க மாத்திரை என்ற சொல் அமைந்தது. கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் அதற்கு அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. எந்தக் கருவியும் இல்லாமல் எவரும் தம் உடம்பைக் கொண்டே அளந்து பார்க்கக்கூடிய அளவு இது.

பெயர்ச்சொற்களைப் பகுத்த முறையும் இத்தகையதே. உயர்திணை, உயர்திணை அல்லாத அஃறிணை என முதலில் இரண்டு. பின்னர் ஆண், பெண், பலர், ஒன்று, பல என ஐந்து பால். பால் என்பதற்குப் பகுப்பு என்பது பொருள். இப்பகுப்பு பொருளின் இயல்பை ஒட்டியது; சொல்லின் ஈற்றை ஒட்டியது அன்று. இந்தியிற் புத்தகத்தைக் குறிக்கும் ‘கிதாப்’ பெண்பால். மேசையைக் குறிக்கும் ‘மேஜ்’ என்பதும் பெண்பால். நம் குழந்தைகள் அங்கே தடுமாறுவதற்கு அறிவுக் குறை காரணம் அன்று. அவர்கள் நாவில் ஊறியிருப்பது திணை என்னும் பாகுபாடு. தெலுங்கு இலக்கணத்தார் மஹத்து, அமஹத்து என்று பகுப்பர். அம்மொழியில் ஒருமையில் பெண்ணைக் குறிக்கும் வினைமுற்று அஃறிணை வினைமுற்றோடு ஒத்திருக்கும். பன்மையில் அவ்வேறுபாடு மறைந்து, பெண்டிர் ஆடவரோடு சேர்ந்துவிடுவர். ஐதராபாத்தில் வாழும் நேயர்கள் இதனை நாள்தோறும் கேட்டிருப்பர். உறவு மொழிகளே ஒரு பொருளை வெவ்வேறு கோட்டில் பகுக்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

முற்று, எச்சம் என்ற இரண்டு சொற்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘வந்தான்’ என்றால் பொருள் முற்றுப் பெறுகிறது. ‘வந்து’ என்றாலோ ‘வந்த’ என்றாலோ இன்னும் ஏதோ எஞ்சி நிற்கிறது. எஞ்சி நிற்பது எச்சம். எஞ்சியது வினையானால் வினையெச்சம், பெயரானால் பெயரெச்சம். கேட்பவர் உள்ளத்தில் எழும் எதிர்பார்ப்பையே இலக்கணப் பெயராக்கிய நுட்பம் இது. நீண்ட தமிழ் வாக்கியம் எவ்வாறு நடக்கிறது என்பதை இந்த ஒரு சொல்லே விளக்கிவிடுகிறது.

இவ்வளவும் கூறியதால், தமிழ் இலக்கணம் பிற மரபுகளோடு தொடர்பின்றித் தனித்தே வளர்ந்தது என்று எவரும் கருதிவிடலாகாது. தொல்காப்பியத்தின் பாயிரமே அந்நூலாசிரியரை ஐந்திரம் என்னும் வடமொழி இலக்கணத்தில் வல்லவர் என்று அறிமுகப்படுத்துகிறது. சூத்திரம், மாத்திரை, உத்தி என்ற சொற்கள் அந்நூலிலேயே வழங்குகின்றன. இலக்கணம் என்ற சொல்லையும் வடமொழி லக்ஷணத்தோடு இணைப்பர் பலர். தமிழ் வேர் காண்போரும் உளர். வேற்றுமையின் எண்ணிக்கையைப் பார்ப்போம். வேற்றுமை ஏழு என்று முதலிற் கூறிய தொல்காப்பியர், விளியையும் சேர்த்தால் எட்டு என்று அடுத்தே கூறுகிறார். பாணினியின் மரபில் விபக்தி ஏழு. விளி முதல் வேற்றுமையுள் அடங்கும். எனவே பிற மரபினரின் எண்ணிக்கையை அறிந்தே தம் மொழிக்கு ஏற்றதை அவர் வகுத்தார் என்று கொள்ளலாம். பெயரிலும் வேறுபாடு உண்டு. விபக்தி என்பதற்குப் பிரிவு என்பது பொருள். வேற்றுமை என்பதோ உருபு ஏற்றதனால் பெயரின் பொருள் வேறுபடுவதைக் குறிக்கும். பிறரோடு பழகியும் தம் கண்ணாற் பார்த்துப் பெயரிட்ட முறை இது.

அண்டை மொழிகளின் வரலாற்றை நோக்கினால் இதன் அருமை விளங்கும். கன்னட மொழிக்கு நாகவர்மர் இயற்றிய கர்ணாடக பாஷாபூஷணமும், பட்டாகளங்கர் 1604-இல் இயற்றிய கர்ணாடக சப்தானுசாசனமும் வடமொழிச் சூத்திரங்களால் ஆனவை. நன்னயரின் பெயரால் வழங்கும் தெலுங்கு இலக்கணமான ஆந்திர சப்த சிந்தாமணியும் வடமொழியில் அமைந்ததே. மணிப்பிரவாள நடைக்கு இலக்கணம் கூறும் 14-ஆம் நூற்றாண்டு நூலாகிய லீலாதிலகமும் அவ்வாறே. 13-ஆம் நூற்றாண்டில் கேசிராசர் தம் சப்தமணிதர்ப்பணத்தைக் கன்னடத்திலேயே இயற்றினார். ஆயினும் கலைச்சொற்கள் பெரும்பாலும் வடமொழியினவே. இதனால் அம்மொழிகளுக்குக் குறைவு ஒன்றும் இல்லை. அவை மேற்கொண்ட வழி வேறு. தமிழ் மேற்கொண்ட வழி வேறு.

தமிழிலும் அவ்வழியை முயன்று பார்த்தவர்கள் இருந்தனர். 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் பெயரால் புத்தமித்திரர் வீரசோழியம் இயற்றினார். அவர் பௌத்தர், வடமொழி இலக்கணத்தில் பெரும் பயிற்சி உடையவர். சந்திப் படலம், உபகாரகப் படலம், தத்திதப் படலம், தாதுப் படலம், கிரியாபதப் படலம் என்பன அவர் நூற்பகுதிகளின் பெயர்கள். தமிழை வடமொழி இலக்கணத்தின் கண்ணாடி வழியே பார்த்த பெரு முயற்சி அது. எனினும் அந்நூலின் சொற்களுட் பல கற்றோர் நூலகத்தில் தங்கிவிட்டன. மாணவர் நாவில் ஏறவில்லை.

அடுத்து வந்த நன்னூல் வேறு வழியை நாடியது. சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றியது அது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது என்பர். பவணந்தியார் பழைய பெயர்களை விடவில்லை. புதிய தேவையை மறுக்கவும் இல்லை. ஒரு சொல்லைப் பிரித்து உறுப்புக்களாகக் காட்டும் பதவியல் என்ற பகுதியை அவர் அமைத்தார். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புக்களை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம் அல்லவா? இவற்றுள் பகுதியும் விகுதியும் ப்ரக்ருதி, விக்ருதி என்பவற்றின் தமிழ் வடிவங்கள். சந்தியும் விகாரமும் வடசொற்களே. சாரியை தொல்காப்பியரின் சொல். இடைநிலை தூய தமிழ். ஆறு சொற்கள் ஒரே வரிசையில் உறவினர் போல் அமர்ந்திருக்கின்றன. பகுதி என்பது தமிழிற் ‘பகு’ என்னும் வினையோடும் பொருந்தி ஒலிப்பதால், அது வந்த சொல் என்பதையே நாம் மறந்துவிட்டோம். இரவல் வாங்குவதிலும் ஒரு திறமை உண்டு என்பதை நன்னூல் காட்டுகிறது.

நன்னூல் செய்த மற்றொரு மாற்றம், வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மிகவும் உரியது. தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். அவற்றுள் திசைச்சொல் என்பது செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த 12 நிலங்களிலிருந்து வந்து வழங்கும் சொல். பவணந்தியார் அவ்வெல்லையை விரித்தார். அந்த 12 நிலங்களோடு, 18 மொழி நிலங்களில் தமிழ் ஒழிந்த ஏனைய 17 நிலங்களின் சொற்களும் திசைச்சொல் ஆகலாம் என்றார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் வாணிகமும் படையெடுப்பும் குடிப்பெயர்ச்சியும் பல மொழி மக்களைத் தமிழரோடு கலக்கச் செய்திருந்தன. அதை இலக்கணம் கண்டுகொண்டது; கதவைச் சாத்தவில்லை; வந்தவர்க்கு ஓர் இருக்கையும் அதற்கு ஒரு பெயரும் தந்தது. தில்லித் தமிழர் வீட்டில் வழங்கும் ‘சப்ஜி’யும் மும்பைத் தமிழர் பேச்சில் வழங்கும் ‘சால்’ என்ற குடியிருப்புப் பெயரும் பவணந்தியார் வகுத்த அந்த இருக்கைக்கு உரியவையே.

17-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கு மீண்டும் எழுந்தது. பிரயோக விவேகம் இயற்றிய சுப்பிரமணிய தீட்சிதரும், இலக்கணக் கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகரும் இரு மொழிகளுக்கும் இலக்கணம் ஒன்றே என்னும் கருத்தை வலியுறுத்தினர். தமிழுக்கே உரிய எழுத்துக்கள் ஐந்துதாம். அவற்றைக் கொண்டு ஒரு மொழி என்று கூறவும் அறிவுடையோர் நாணுவர் என்ற அளவுக்குத் தேசிகர் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் சிவஞான முனிவர் இதற்கு மாறான கருத்தை நிறுவினார். அவர் வடமொழியிலும் துறைபோகியவர். தொல்காப்பியப் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் எழுதிய விருத்தியுரையில், வடமொழியிற் காணப்பெறாத தமிழ்க் குறியீடுகளை அவர் எடுத்துக் காட்டினார். உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாடு, வினைக்குறிப்பு, வினைத்தொகை, அகம், புறம், வெண்பா முதலியன அவற்றுட் சில. வெறும் உணர்ச்சியால் அன்றிக் கலைச்சொற்களையே சான்றாக நிறுத்தி அவர் வாதிட்டார்.

அவர் காட்டியவற்றுள் இரண்டை மட்டும் எண்ணிப் பார்ப்போம். முதலாவது வினைத்தொகை. ஊறுகாய் என்கிறோம். ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலமும் அச்சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன. காலம் காட்டும் உறுப்போ வெளியில் இல்லை. காலம் தொக்கு நிற்பதால் வினைத்தொகை எனப் பெயர் பெற்றது. ஊரிலிருந்து வெளிமாநிலத்துக்குச் செல்லும் எந்த மூட்டையிலும் ஓர் ஊறுகாய்ச் சாடி இருக்கும். அதனோடு வினைத்தொகையும் உடன் செல்கிறது. இரண்டாவது வினைக்குறிப்பு. ‘இல்லை’ என்பது எந்தக் காலத்தையும் வெளிப்படையாகக் காட்டாமலே வினைமுற்றாக நிற்கிறது. இந்தியில் அதே கருத்தைக் கூற எதிர்மறைச் சொல்லும் வேண்டும். ‘ஹை’ என்னும் வினையும் வேண்டும். தமிழுக்கு ஒரு சொல் போதும்.

இதற்கிடையே கடல் கடந்து மற்றொரு மரபு வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அண்டிரிக்கு அடிகளார் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். சீகன்பால்கு எழுதிய இலத்தீன் மொழி இலக்கணம் 1716-இல் செருமனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. தமிழ்ப் பெயர்களையும் வினைகளையும் இலத்தீன் வாய்பாட்டில் அடுக்கிக் காட்டுவது இவர்கள் முறை. வீரமாமுனிவர் இரண்டையும் பிரித்து நோக்கினார். ஐரோப்பியர் கற்பதற்குப் பேச்சுத் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். தமிழ்ப் புலவர்க்கென 1730-இல் எழுதிய தொன்னூல் விளக்கத்தையோ தமிழ் மரபுச் சொற்களைக் கொண்டே இயற்றினார். கேட்பவர் யார் என்பதை அறிந்து சொல்லைத் தெரிந்தெடுத்த பெருந்தகை அவர்.

1816-இல் எல்லிஸ் என்னும் ஆங்கில அதிகாரி, தென்மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல. தமக்குள் ஓர் இனம் ஆனவை என்பதைத் தெலுங்கு இலக்கணம் ஒன்றன் முன்னுரைப் பகுதியில் எடுத்துக் காட்டினார். 1856-இல் கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. ஒப்பிலக்கணம், மொழிக்குடும்பம், ஒட்டுநிலை மொழி போன்ற சொற்கள் நம்மிடையே பரவின. மொழியை உடம்பாகவும் உயிராகவும் கண்ட பழைய பார்வையோடு, மொழிகளைத் தாயாகவும் மகளாகவும் உடன்பிறந்தாராகவும் காணும் புதிய பார்வையும் சேர்ந்தது. இவ்வுவமையால் பெரும் பயன் விளைந்தது. மூத்தவர் யார், இளையவர் யார் என்ற வீண் பூசலும் சில வேளைகளில் விளைந்தது.

பள்ளிகளில் ஆங்கில முறை இலக்கணம் புகுந்தபொழுது, வாக்கியத்தின் உறுப்புக்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற பழைய சொற்களே அப்பணியை ஏற்றன. தொல்காப்பியத்திலேயே உள்ள எழுவாயும் பயனிலையும் புதிய சட்டையை அணிந்துகொண்டன. அச்சோடு வந்த நிறுத்தக் குறிகளுக்கு அமைந்த பெயர்கள் இன்னும் அழகியவை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று கடைத்தெருவில் அளக்கும் அளவுகளைக் கொண்டே நம் முன்னோர் அவற்றுக்குப் பெயரிட்டனர். எங்கே எவ்வளவு நிறுத்துவது என்பதைப் பெயரே கூறிவிடுகிறது.

20-ஆம் நூற்றாண்டில் மொழிநூல் என்ற பெயரால் வழங்கிய துறை, மொழியியல் என்று பெயர் மாற்றம் பெற்றது. மொழிநூல் பெரும்பாலும் சொற்களின் பிறப்பையும் உறவையும் ஆராய்ந்தது. மொழியியல் வழங்கும் மொழியின் அமைப்பையே ஆராயத் தலைப்பட்டது. பூனா டெக்கான் கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அத்துறை தழைத்தது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் போன்றோர் பழைய இலக்கணத்தையும் புதிய துறையையும் ஒருங்கே கற்று இணைத்தனர். ஒலியன், உருபன், ஒலியியல், தொடரியல் என்ற சொற்கள் வழக்கிற்கு வந்தன. இவற்றில் வரும் ‘இயல்’ புதியது அன்று. பிறப்பியல், புணரியல், வினையியல் என்று தொல்காப்பியர் தம் அதிகாரப் பிரிவுகளுக்கு இட்ட பெயரின் ஈறே அது. இன்று இயற்பியல், உயிரியல், பொருளியல் எனத் துறைதோறும் அது வழங்குகிறது.

புதிய துறை பழைய நூல்கள் பெயரிடாதவற்றுக்கும் பெயரிட்டது. ‘சலசல’ என்பதை இரட்டைக்கிளவி என்றார் தொல்காப்பியர். பிரித்தால் பொருள் தராது. ஆனால் ‘காப்பி கீப்பி’ என்பது அவ்வகையில் அடங்காது. முதற் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. இதனை எதிரொலிச் சொல் என்று இக்காலத்தார் அழைக்கின்றனர். இந்தி பேசுவோர் ‘சாய் வாய்’ என்பர். வங்காளத்தார் ‘சா டா’ என்பர். மராத்தியர் ‘சஹா பிஹா’ என்பர். இத்தகைய பொதுக் கூறுகளைத் தொகுத்து நோக்கிய எமனோ என்னும் அமெரிக்க அறிஞர், குடும்பம் வேறாயினும் அருகருகே வாழ்ந்த மொழிகள் ஒன்றை ஒன்று ஒத்துவிட்டன. ஆகவே இந்தியா முழுவதும் ஒரு மொழி வட்டாரம் என்று 1956-இல் எழுதினார். இந்நாட்டு மக்கள் ஒருவரோடு ஒருவர் பழகிய வரலாற்றை எதிரொலிச் சொற்கள் எளிமையாகவே எடுத்துரைக்கின்றன.

விடுதலைக்குப் பின் கலைச்சொல் ஆக்கம் அரசின் கடமைகளுள் ஒன்றாயிற்று. மத்திய அரசு 1961-இல் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது. 1969-இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது. 2004-இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பெற்றது. 2024-இல் மராத்தி, வங்காளம், அசாமியம், பாலி, பிராகிருதம் ஆகியன சேர, அத்தகுதி பெற்ற மொழிகள் 11 ஆயின. செம்மொழி என்ற சொல்லும் இன்று இலக்கண வழக்கைக் கடந்து ஆட்சி வழக்காகிவிட்டது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, பழைய இலக்கணச் சொல் ஒன்று நாள்தோறும் துணை நிற்கிறது. தன்மைப் பன்மையைப் பற்றிக் கூறுமிடத்து, உரையாசிரியர்கள் உளப்படுத்துதல் என்ற சொல்லை ஆளுகின்றனர். பேசுவோன் தன்னோடு முன்னிருப்போனையும் உளப்படுத்துவது ஒன்று. முன்னிருப்போனை விலக்கிப் பிறரை மட்டும் உளப்படுத்துவது மற்றொன்று. இக்காலத் தமிழில் முன்னதற்கு நாம், பின்னதற்கு நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்தியில் ‘ஹம்’, வங்காளத்தில் ‘ஆம்ரா’ எனவும் ஒன்றே. தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என இரண்டு உண்டு. மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என உண்டு. வடக்கே மராத்தியிலும் ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ என இவ்வேறுபாடு இருப்பது வியப்பு. திராவிட மொழிகளின் தொடர்பால் வந்தது அது என்பர். கன்னடத்தில் முன்னாளில் இருந்த வேறுபாடு இன்று மறைந்து, ‘நாவு’ ஒன்றே நிற்கிறது.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்போர் ஒவ்வொரு முறையும் நின்று, கேட்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று எண்ணிய பின்னரே சொல்லைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அரசியலமைப்பின் முகப்புரையில் நாட்டு மக்கள் தம்மைத் தாமே குறிக்கும் இடத்தில் தமிழில் ‘நாம்’ என்றே அமைந்திருக்கிறது. அங்கே ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தால், படிக்கும் குடிமகனே வெளியே நிறுத்தப்பட்டிருப்பான். ஒரு குடியரசின் பொருளே அந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது. ஆங்கில மூலத்தில் இல்லாத தெளிவை, தமிழ் மொழிபெயர்ப்பு தன் இலக்கணத்தால் பெற்றிருக்கிறது.

வெளிமாநிலங்களில் வளரும் நம் குழந்தைகள் இவ்வேறுபாட்டை மெல்ல மெல்ல இழந்து வருவதைப் பலரும் கவனித்திருக்கலாம். அத்தையிடம் தொலைபேசியில், ‘நாம் நாளைக்கு ஊருக்கு வருகிறோம்’ என்று குழந்தை கூறுகிறது. ‘ஹம்’ என்று எண்ணி ‘நாம்’ என்று பேசுகிறது. ‘நாங்கள் என்று சொல், அம்மா’ என்று திருத்திவிட்டால் மட்டும் போதாது; அடுத்த முறை மீண்டும் தவறும். உள்ளே சேர்த்துப் பேசுவது ஒன்று, விலக்கிப் பேசுவது ஒன்று. தமிழில் அதற்கு உளப்படுத்துதல் என்று பெயர் என்று ஒருமுறை விளக்கினால், குழந்தை தானே இந்தியையும் தமிழையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கும். பெயர் கிடைத்தால் வேறுபாடு கண்ணுக்குப் படுகிறது. கண்ணுக்குப் பட்டது நாவிலும் தங்குகிறது. இலக்கணப் பெயர்கள் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல என்று கூறுவது இதனால்தான்.

வேற்றுமொழி வழங்கும் நாட்டைச் சங்கச் சான்றோர் மொழிபெயர் தேயம் என்றனர். வேங்கடத்துக்கு அப்பால் பொருள் தேடச் சென்றோர் கடந்த நிலம் அது. மொழி மாறுகின்ற இடம் என்பது அச்சொல்லின் பொருள். அதே வேரிலிருந்தே மொழிபெயர்ப்பு என்ற சொல்லும் வந்தது. தொல்காப்பியர் அதனை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைத்தார். இன்று நம்முட் பலருடைய வாழ்வு மொழிபெயர் தேயத்திலேயே நடக்கிறது. அங்கு வழங்கும் மொழியை நன்கு கற்பது நம் கடமை. அதன் இலக்கணப் பெயர்களைக் கற்பதும் நன்றே. அவற்றின் அருகில் உயிர், மெய், திணை, எச்சம், உளப்படுத்துதல் என்ற நம் பெயர்களையும் வைத்துக் குழந்தைகளுக்குக் காட்டுவோமாயின், அவர்களுக்கு இரண்டு மொழிகளும் தெளிவாகும். வாரத்தில் ஒரு மாலைப் பொழுது இதற்குப் போதும். பள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, ‘இதற்குத் தமிழில் என்ன பெயர், அப்பெயர் ஏன் வந்தது?’ என்று கேட்கலாம். விடை தெரியாவிட்டால் பழைய நன்னூற் பிரதியைப் பிள்ளைகளோடு சேர்ந்தே புரட்டிப் பார்க்கலாம்.